‘அ’ எங்கே தொடங்குகிறது?

சென்ற மார்கழியில் ஓர் இரவு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்காபரோவில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடி வீட்டின் சமையலறை மேசையில் மறுநாட் சமையலுக்கு மரக்கறி அரிந்துகொண்டிருந்தேன். மேசையின் மறுபுறத்தில் கணினியோடு இருந்த என் மகள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

“அம்மா, ‘அ’ எழுதேக்கை முதல் எங்கையிருந்து தொடங்கவேணும்?”

கத்தியை வைத்துவிட்டேன். கால் நூற்றாண்டுக்கு மேலாக என்னிடம் எவரும் கேட்டிராத கேள்வி அது. ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே என் தொழிலாக இருந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலைப்பட்டம் பெற்று, 1993இல் வலிகாமத்துப் பாடசாலையொன்றில் தமிழும் வரலாறும் கற்பிக்கச் சேர்ந்தேன். ஈராண்டுகளே அங்கு கற்பித்தேன். 1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவில் வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை, அதில் நடந்தவர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தென்மராட்சியிற் பாடசாலைகள் இரண்டு நேரமாக நடந்தன. காலையில் அவ்வூர்ப் பிள்ளைகள், மாலையில் எங்கள் பிள்ளைகள். பின்னர் கிளாலி வழியாக வன்னி. அங்கே மரநிழலே வகுப்பறை. கரும்பலகை இல்லாத நாட்களிற் பாலர் வகுப்புப் பிள்ளைகளும் என்னிடமே விடப்பட்டனர். மண்ணிலே தடியால் எழுத்தைக் கீறிக் காட்டுவேன். பிள்ளைகள் அதன்மேல் விரலை வைத்து இழுப்பார்கள். காற்று வந்து அழித்துவிட்டுப் போகும். மீண்டும் கீறுவேன்.

1999இல் கைக்குழந்தைப் பருவம் கழிந்த மகளோடு கனடா வந்து சேர்ந்தோம். இங்கே என் பட்டச் சான்றிதழைப் பார்த்த அலுவலர் அதனை மரியாதையோடு திருப்பித் தந்தார். மரியாதைக்கு அப்பால் எதுவும் கிடைக்கவில்லை. பாண் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலைக்குப் போனேன். பதினான்கு ஆண்டுகள் போயின. கணவர் உணவகச் சமையலறையிற் கோப்பை கழுவத் தொடங்கி, சமையற்காரராக உயர்ந்தார். எங்களுக்கு வாய்க்காதது மகளுக்கு வாய்க்கவேண்டும் என்பதே இருவரதும் ஒரே எண்ணம். அந்த எண்ணத்திற்கு நாங்கள் வைத்திருந்த பெயர், பெரும்பாலான வீடுகளிற்போலவே, வைத்தியர். அது முடியாவிட்டால் மருந்தாளர்.

மகள் தேர்ந்துகொண்டது வேறொன்று.

*

“மகள் என்ன செய்யிறா?” என்று கலியாண வீடுகளிற் கேட்பார்கள். “கொம்பியூட்டரிலை வேலை” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமுன் பந்திப் பக்கம் போய்விடுவேன். பொய்யில்லை. ஆனால் உண்மையுமில்லை. அவள் செய்யும் தொழிலை ஆங்கிலத்தில் மோஷன் டிசைன் என்கிறார்கள். அசைவு வடிவமைப்பு என்று நான் தமிழ்ப்படுத்திக்கொள்கிறேன். அவள் முழுநீளக் கார்ட்டூன் படம் எடுப்பவளல்லள். நடிகரை வைத்துப் படம் பிடிப்பவளுமல்லள். எழுத்து, கோடு, நிறம், வடிவம் ஆகியவற்றை அசையவைத்து ஒரு செய்தியைச் சொல்வது அவளது வேலை. திரைப்படத்தின் தொடக்கத்தில் அசைந்து வரும் பெயர்கள், தொலைக்காட்சிச் செய்திக்கு முன் சுழன்று வரும் முத்திரை, வங்கியிலும் வைத்தியசாலையிலும் சுவரிற் தொங்கும் திரையில் ஓடும் விளக்கப் படங்கள், கைத்தொலைபேசியிற் பொத்தானைத் தொட்டதும் அது சற்றே அமுங்கி மீளும் அசைவு எல்லாம் இத்தொழிலைச் சேர்ந்தவை. நாள்தோறும் பார்க்கிறோம். ஒருவர் இருந்து செய்திருக்கிறார் என்று எண்ணுவதில்லை.

இத்தொழிலை அவள் படிக்கப்போகிறேன் என்று சொன்ன நாளில், “படம் கீறி என்னத்தைச் சாப்பிடப் போறாய்?” என்று கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. பாண் தொழிற்சாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் கையில் உணவுப் பெட்டியை எடுத்துத் தந்தாள். அந்தக் கேள்வி இன்றும் எனக்குச் சுடுகிறது. ஏனெனில் அதே கேள்வியை, கலைப் பிரிவிற் சேரப்போகிறேன் என்று நான் சொன்னபோது என் தந்தையார் என்னிடம் கேட்டிருந்தார்.

மகளின் தொழிலை விளங்கிக்கொள்ளவேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பிந்தியே வந்தது. தொழிற்சாலை வேலையை விட்டபின், பகலில் நேரம் கிடைத்தது. கனடாத் தேசியத் திரைப்படச் சபையின் பழைய படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்று அவளே காட்டித் தந்தாள். அங்கேதான் நோர்மன் மக்லாறன் என்பவரை அறிந்துகொண்டேன்.

மக்லாறன் 1914இல் ஸ்கொட்லாந்தின் ஸ்ரேளிங் நகரிற் பிறந்தவர். 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் படம்பிடிக்கப் போய், போர் என்றால் என்னவென்று கண்ணாற் கண்டவர். ஐரோப்பாவில் மீண்டும் போர் மூளப்போகிறது என்று கண்டு 1939இல் நியூயோர்க்கிற்கு வந்தவர். 1941இற் கனடாத் திரைப்படச் சபையிற் சேர்ந்தார். படப்பிடிப்புக் கருவியே இல்லாமல், படச்சுருளின்மேல் நேரடியாக மையாற் கீறி அசைவை உண்டாக்கினார். ஒலிக்கும் அப்படியே, சுருளின் ஓரத்திற் கோடுகளைக் கீறி அவற்றையே இசையாக ஒலிக்கச் செய்தார். 1941இல் அவர் இங்கு செய்த முதற் படங்கள் எவையென நினைக்கிறீர்கள்? நத்தார்க் கடிதங்களை முன்கூட்டியே அஞ்சலிற் போடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்கும் ஒன்று. போர்க்காலச் சேமிப்புப் பத்திரம் வாங்கச் சொல்லும் மற்றொன்று. ஆக, இந்நாட்டில் இக்கலையின் முக்கிய வேர்களில் ஒன்று பொதுமக்களுக்குச் செய்தி சொல்வதிலேதான் இருக்கிறது.

1949இல் யுனெஸ்கோ அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. சுகாதாரச் செய்திகளைக் கிராம மக்களுக்குப் படங்களாற் சொல்வதற்கு அவ்வூர் ஓவியர்களுக்கு எளிய முறைகளைக் கற்றுக்கொடுத்தார். பின்னர் இந்தியாவுக்கும் அப்படியே சென்றார். 1952இல் அவர் எடுத்த ‘நெய்பர்ஸ்’ என்ற எட்டு நிமிடப் படம் ஒஸ்கார் விருது பெற்றது. அடுத்தடுத்த வீட்டார் இருவர் எல்லையில் முளைத்த ஒரு பூவுக்காக வேலி போட்டுச் சண்டையிட்டு இருவருமே மாள்வதுதான் கதை. பேச்சு ஒன்றும் இல்லை. பார்த்து முடித்தபின் நெடுநேரம் திரையை அணைக்காமல் இருந்தேன். அந்தக் கதையை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

*

அமெரிக்காவில் இக்கலையைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தவர் சோல் பாஸ். அதற்கு முன் படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியல் பார்க்கப்படாத ஒன்றாகவே இருந்தது. 1955இல் வெளிவந்த ‘த மான் வித் த கோல்டன் ஆம்’ என்ற படத்திற்கு, போதைக்கு அடிமையான ஒருவனின் கதையைக் கருங்கடதாசியில் வெட்டியதுபோன்ற கோணலான ஒரு கையையும் சில வெள்ளைக் கோடுகளையும் கொண்டே அவர் முன்னுரைத்தார். 1960இல் வந்த ‘சைக்கோ’வில், கோடுகள் பெயர்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. படம் தொடங்குமுன்னரே பார்ப்பவர் மனம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. 1995இல் ‘செவன்’ என்ற படத்திற்குக் கைல் கூப்பர் செய்த தொடக்கம் கையாற் சுரண்டிய எழுத்துக்களால் ஆனது. இத்தொழிலில் இருப்போர் ஒரு திருப்புமுனையாக அதனைப் பேசுகிறார்கள் என்று மகள் சொன்னாள். அப்படம் திரைக்கு வந்து சில வாரங்களில் நாங்கள் நாவற்குழிப் பாலத்தின்மேல் நின்றோம்.

இடையிற் கணினி வந்தது. 1993இல் அமெரிக்காவின் புறொவிடன்ஸ் நகரிலிருந்த ஒரு சிறு நிறுவனம் ஆஃப்ரர் எஃபெக்ற்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. மறு ஆண்டே அது அடொபி நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பெரும் கலையகங்களில் மட்டும் செய்யக்கூடியதாக இருந்த வேலையை ஒரு மேசைக் கணினியிற் செய்ய அது வழி திறந்தது. மகளும் அதனையே பயன்படுத்துகிறாள். 2013இலிருந்து அந்நிறுவனம் தன் மென்பொருள்களை முழுவதுமாக விற்பதை விட்டுச் சந்தாவுக்கு விடும் முறைக்கு மாறியது. ஆகவே மாதாமாதம் வீட்டு வாடகையோடு இதுவும் ஒரு வாடகை. கருவி தச்சனுக்குச் சொந்தமில்லாத காலம் இது.

ஆனால் அவள் தொழிலின் அடிப்படையைக் கருவியிற் காணவில்லை. அது ஒரு பந்தில் இருக்கிறது. கல்லூரியில் அவளுக்குக் கொடுத்த முதற் பயிற்சி, ஒரு பந்து நிலத்தில் விழுந்து துள்ளி எழுவதைச் செய்துகாட்டுவது. எங்கள் பிள்ளைகளுக்கு ‘அ’ எப்படியோ, அசைவு கற்போருக்குப் பந்து அப்படி. மேலே போகப் போக வேகம் குறையும். உச்சியில் ஒரு கணம் தங்கும். கீழே வர வர வேகம் கூடும். திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள். அந்த 24 படங்களிலும் பந்து ஒரே அளவு தூரம் நகர்ந்தால் அது பந்தன்று. கம்பியில் இழுக்கப்படும் வட்டம். படங்களுக்கிடையே உள்ள தூரத்தை எங்கே நெருக்குவது, எங்கே விரிப்பது என்பதே கலை என்றாள்.

“துலா மாதிரி” என்றேன்.

அவளுக்குத் துலா தெரியாது. ஊர்க் கிணற்றில் துலா மிதிப்பதை விளக்கினேன். ஆள் துலாவில் ஏறி நடக்கத் தொடங்கும்போது அது தயங்கும். நடுவிலே விசை பிடிக்கும். பட்டை தண்ணீரைத் தொடும்போதும் மேலே வரும்போதும் மீண்டும் மெதுவாகும். சடுதியாக நின்றால் மிதிப்பவர் விழுவார். அவள் என்னை வியப்போடு பார்த்தாள். “அம்மா, இதைத்தான் எங்களுக்கு ஒரு தவணை முழுக்கப் படிப்பிச்சவை” என்றாள். அன்றுதான் முதன்முதலாக நாங்கள் இருவரும் அவளது தொழிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

*

இனி அந்த மார்கழி இரவுக்கு வருகிறேன்.

ஒரு சுகாதார நிலையம் மகளிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருந்தது. நீரிழிவு உள்ள முதியவர்கள் தம் பாதங்களைப் பேணுவது எப்படி என்று சொல்லும் 90 செக்கன் படம். பல மொழிகளில் வரவேண்டும். தமிழ் அவற்றில் ஒன்று. நீரிழிவு காலின் உணர்ச்சியை மழுங்கச் செய்வதால், சிறு காயமும் வலிக்காமலே பெருத்துவிடலாம். ஆகவே நாள்தோறும் பாதத்தைப் பார்க்கவேண்டும், விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைக்கவேண்டும், வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்பதே செய்தி. இதில் விளையாட்டு இல்லை. இச்செய்தி தெரியாமற் காலை இழந்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம். எங்கள் தொடர்மாடியிலேயே இருவர் இருக்கிறார்கள்.

வேலை நடக்கும் ஒழுங்கை அருகிருந்து பார்த்தேன். முதலில் வாசகத்தை எழுதுவார்கள். பின் ஒவ்வொரு காட்சியையும் சிறு கட்டங்களிற் பென்சிலாற் கீறுவார்கள். அடுத்து நிறமும் எழுத்தும் எப்படி இருக்கும் என்று இரண்டு மூன்று மாதிரிப் படங்கள். அவற்றை நிலையம் ஏற்றபின், அசையாக் கட்டங்களைக் குரலோடு சேர்த்து ஓடவிட்டு நேரத்தை அளப்பார்கள். அதன் பின்னரே அசைவு தொடங்கும். 90 செக்கனுக்கு 2,160 படங்கள். எல்லாவற்றையும் கையாற் கீறுவதில்லை. முக்கியமான நிலைகளை அவள் குறித்துக்கொடுக்க, இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்பும். ஆனால் நிரப்பியதை அப்படியே விட்டால் உயிர் இராது. ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டும். இறுதியில் ஒலி. தண்ணீர் சொட்டுவது, துவாய் உரசுவது, எழுத்து வந்து அமரும்போது எழும் மெல்லிய ஒலி எல்லாம் தனித்தனியே சேர்க்கப்படும்.

மற்ற மொழிகளுக்கு ஒழுங்காக ஓடிய படம் தமிழுக்கு வந்தபோது குலைந்தது. எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வந்து அமரவேண்டும் என்பது அமைப்பு. ‘கால்’ என்ற சொல்லிற் க வந்தது, அரவு தனியே வந்தது, ல வந்தது, புள்ளி மேலிருந்து பிந்தி விழுந்தது. ‘கொப்புளம்’ என்ற சொல்லோ பெரும் அவலம். கணினி ‘கொ’வைச் சேமிக்கும்போது ககரத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் வைக்கிறது, நாம் கையால் எழுதும்போது கொம்பை முதலில் எழுதுகிறோம். ஆகவே திரையில் ககரம் வந்து இருந்தபின், அதன் இடப்புறத்திலே கொம்பு திடீரென முளைத்தது. முன்னர் வேறொருவர் செய்துவைத்திருந்த மாதிரியிற் கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமே நின்றது. சொந்தமான எழுத்தைக் காணாத கொம்புக்குக் கணினி கொடுக்கும் கதிரை அது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அதை ஒரு தமிழ் எழுத்து என்றே எண்ணி அனுப்பியிருந்தார்கள்.

மகள் எழுத்துருவை விட்டுவிட முடிவுசெய்தாள். சொற்களைக் கோட்டுருவங்களாக மாற்றி, பேனாவால் எழுதுவதுபோலவே ஒவ்வொன்றும் திரையில் எழுதப்படவேண்டும் என்று எண்ணினாள். அதற்குள்ள முறை எளிது. எழுத்தை மறைத்துவைத்து, அதன் நடுவழியே ஒரு கோட்டை இழுத்து, கோடு போகப் போக எழுத்தை வெளிக்காட்டுவது. ஆனால் அந்தக் கோடு எங்கே தொடங்கி எந்த வழியாற் போகவேண்டும் என்பது எழுத்துருவுக்குத் தெரியாது. அச்சிலுள்ள எழுத்து முடிந்துபோன எழுத்து. அது எப்படி உண்டாயிற்று என்று அதைப் பார்த்து அறியமுடியாது. அதனை அறிந்தது எழுதிய கை மாத்திரமே.

என் மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிற் படித்தவள். வாசிப்பாள். ஆனால் ‘அ’வை வலப்புறத்து நேர்கோட்டிலிருந்து தொடங்கியிருந்தாள். திரையில் அவள் செய்து காட்டியபோது எனக்கு உடம்பு கூசியது. எழுத்து சரியாகத்தான் முடிந்தது. வந்த வழி பிழை. பின்னோக்கி நடந்து வீட்டுக்கு வந்த ஆளைப்போல இருந்தது.

மரக்கறிக் கையைக் கழுவிவிட்டு வந்து அமர்ந்தேன். மாவை மேசையிற் பரப்பி விரலால் எழுதினேன். மேலே சிறு சுழியிற் பிடித்து, வளைத்துக் கீழே இறக்கி, இடப்பக்கம் சுற்றி, குறுக்கே வலப்புறம் கொண்டுபோய், கடைசியில் மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு. அவள் கைத்தொலைபேசியை மேலே பிடித்துப் படம் எடுத்தாள். “இன்னொருக்கா, அம்மா. மெதுவா.” அடுத்தது க. அடுத்தது கொம்பு. ‘ழ’வுக்கு வந்தபோது எங்கள் பாலர் வகுப்பு நினைவு வந்து கை சற்று நின்றது. அந்தத் தயக்கத்தையும் அவள் விடவில்லை. “அது நல்லாயிருக்கு, அப்பிடியே விடுங்கோ” என்றாள். விடியப்புறம் இரண்டு மணிவரை எழுதினோம். சான்றிதழைத் திருப்பித் தந்த நாட்டில், என் கற்பித்தற் கடமை மீண்டும் தொடங்கியது ஒரு மாப் பலகையில்.

*

முதல் வடிவம் முடிந்ததும், பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று அம்மாமாரைத் தேநீருக்கு அழைத்தோம். பார்த்தார்கள். “வடிவாயிருக்கு, பிள்ளை” என்றார்கள். என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எழுத்து ஓடிப்போச்சுது மேனை” என்றார் மூத்தவர். மகளின் முகம் வாடிவிட்டது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒன்றை அவளுக்குச் சொன்னேன். கரும்பலகையில் எழுதியதை ஆசிரியர் மனதுக்குள் வாசித்துவிட்டு அழிக்கக்கூடாது. வகுப்பிலே பின்வாங்கில் இருக்கும் பிள்ளையின் உதட்டைப் பார்த்து அழிக்கவேண்டும். ஒவ்வொரு வரியையும் நான் வாய்விட்டு ஆறுதலாக இரண்டு முறை வாசித்தேன். அந்த நேரத்தை அவள் அளந்தாள். அத்தனை நேரமும் எழுத்து அசையாமல் நின்றது. அசைவைக் கற்றவளுக்கு, அசையாமையும் கலையின் பகுதி என்பது புதிதன்று. ஆயினும் எவ்வளவு நேரம் என்பதை இம்மூன்று அம்மாமார்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சில வாசகங்களைக் குறைத்தாள். வீட்டுக்குள்ளே சப்பாத்தோடு நடந்த உருவத்துக்கு வீட்டுச் செருப்பைப் போட்டாள். சப்பாத்தோடு வீட்டினுள் நடக்கும் அம்மாவை நம்மில் எவர் நம்புவார்? இரண்டாம் முறை பார்த்துவிட்டு அந்த மூத்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து தம் காலுறையைக் கழற்றி விரல் இடுக்கைப் பார்த்தார்.

*

நல்ல செய்தியோடு நிறுத்தினால் அது முழு உண்மையாகாது.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நிலையத்திலிருந்து வேறொரு மாதிரி வந்தது. வாசகத்தைக் கொடுத்தாற் படத்தைத் தானே ஆக்கிக்கொடுக்கும் செயற்கை அறிவு மென்பொருளால் அங்கே யாரோ சில நிமிடங்களிற் செய்தது. “இவ்வளவு விரைவாக முடியுமானால் இவ்வளவு பணம் ஏன்?” என்பது அதனோடு வந்த கேள்வி. பாதம் அழகாக இருந்தது. ஒளி, நிழல் எல்லாம் இருந்தன. கீழே தமிழ்போன்ற ஒன்று இருந்தது. வளைவுகளும் சுழிகளும் இருந்தன. ஓரெழுத்துக்கூட எழுத்தாக இல்லை. தூரத்திற் பார்த்தால் தமிழ். கிட்டப் போனால் எதுவுமில்லை.

அந்த ஒரு காரணத்தால் தமிழ்ப் படம் மகளிடமே விடப்பட்டது, கூலியைக் குறைத்து. மற்ற மொழிகளின் வேலை போய்விட்டது. நிலையம் அடுத்துச் செய்வதாகச் சொல்லியிருந்த இரண்டு படங்களும் வரவில்லை. இது அவளுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2023இல் மார்வெல் நிறுவனத்தின் ‘சீக்ரெற் இன்வேஷன்’ தொடரின் தொடக்கப் பகுதியைச் செயற்கை அறிவின் துணையோடு செய்தபோது, உலகெங்கும் இத்தொழிலில் உள்ளோர் கொதித்தெழுந்தார்கள். 2024இற் சோறா என்ற மென்பொருளை ஓப்பன் ஏஐ நிறுவனம் காட்டியபின், அச்சம் பெரிதாயிற்று. அதே காலத்தில், 2022இல் ‘செவரன்ஸ்’ என்ற தொடரின் தொடக்கத்திற்காகப் பேர்ளினில் வாழும் ஒலிவர் லாற்றா எமி விருது பெற்றதையும் மகள் எனக்குக் காட்டினாள். ஒரு மனிதன் தன் உடலையே தூக்கிச் சுமந்து திரியும் அந்த விசித்திரத்தைப் பார்த்தால், இன்னாருடைய கற்பனை இது என்று சொல்லலாம். கற்பனைக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் விருது பெறுபவர் ஒருவர். நாட்கூலிக்குச் செய்பவர் பலர்.

ஒருநாள் இரவு அவள் என்னிடம் கேட்டாள்: “அம்மா, உங்கடை தொழில் போனநேரம் நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

பாண் தொழிற்சாலைக்குப் போனேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்டது அதையல்ல. நான் உண்மையைச் சொன்னேன். முதலாண்டு அழுதேன். அதன்பின் நான் ஆசிரியையாக இருந்ததையே யாருக்கும் சொல்லாமல் விட்டேன். வீட்டில் உனக்கும் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. களைப்பு என்று சாட்டுச் சொன்னேன். களைப்பு மட்டுமன்று, கோபமும் இருந்தது. அதுதான் நான் செய்த பெரும் பிழை. தொழிலை மற்றவர் பறித்தார்கள்; கல்வியை நானே ஒளித்துவைத்தேன்.

அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். இப்போது கிழமையில் மூன்று நாட்கள் ஒரு கடையில் வேலை செய்கிறாள். மீதி நாட்களில் தொழிலை விடாமற் செய்கிறாள். முற்பணம் பாதி வாங்காமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை என்றும், திருத்தங்கள் இரண்டு முறைக்கு மேற்பட்டால் மேலதிகக் கூலி என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்கிறாள். நாளை என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல அறிவுரை சொல்ல நான் துணியவில்லை.

ஆனால் ஒன்று செய்தாள். அன்றிரவு மாவிலே எடுத்த படங்களைக் கொண்டு, யாரும் கேட்காமல், யாருடைய கூலியும் இல்லாமல், ஒரு நிமிடப் படம் ஒன்றைத் தனக்கென ஆக்கினாள். மண்ணில் ஒரு விரல் ‘அ’ எழுதுகிறது. காற்று வந்து அழிக்கிறது. மீண்டும் எழுதுகிறது, இம்முறை விரல் சிறியது. ‘ழ’வில் அந்தத் தயக்கம் இருக்கிறது. இசை கிடையாது, காற்றின் ஒலி மட்டும். சென்ற வைகாசியில் எங்கள் முதியோர் ஒன்றுகூடலில், பாதப் பராமரிப்புப் படத்தைக் காட்டியபின் அதனையும் ஓடவிட்டார்கள்.

நான் திரையைப் பார்க்கவில்லை. மண்டபத்தைப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர், எண்பதைக் கடந்தவர், கைத்தடியை மடியிற் கிடத்தி இருந்தார். திரையில் விரல் அசைய, அவரது சுட்டுவிரல் முழங்காலின்மேல் அசைந்தது. சரியான இடத்திற் தொடங்கி, சரியான வழியாற் போய், நேர்கோட்டிலே முடித்தது.

பெற்றோராகிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை உங்களுக்கு விளங்காத ஒரு தொழிலைச் செய்கிறதாயின், “கொம்பியூட்டரிலை வேலை” என்று நான் சொல்லித் தப்பியதுபோலத் தப்பாதீர்கள். பக்கத்திற் கதிரையைப் போட்டு அமர்ந்து கேளுங்கள். நீங்கள் ஊரிலே செய்த தொழில் எதுவாயினும், விதைத்தாலும், நெய்தாலும், படகு கட்டினாலும், அதிலே பிள்ளைக்கு வேண்டியது ஏதேனும் இருக்கலாம். எனக்கு அது தெரிய இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. நேற்றும் அவள் கேட்டாள், ‘ஔ’ எங்கே தொடங்குகிறது என்று. இன்றிரவு எழுதிக் காட்டவேண்டும்.